எஸ்டில் ராட்லிஃப் தன் சொந்த வண்டியில் மேலே போன விதம்

போல்ட் ஒடியும்போது பெரிய சத்தமெல்லாம் வராது. யாரோ பக்கத்து அறையில் விரலைச் சொடுக்கியதுபோல ஒரு 'டிக்'. அதுவரை முறுக்கிக்கொண்டு நின்ற ஸ்பானர் அதன்பிறகு வெண்ணெயில் சுற்றுவதுபோலச் சுற்றும். அந்த வெண்ணெய் கைக்குத் தெரிந்தபோது ஹெர்ஷல், பிக்கப் வண்டியின் பானெட்டுக்குள் இடுப்புவரை கவிழ்ந்து கிடந்தான். கவிழ்ந்த வாக்கிலேயே கண்ணை மூடிக்கொண்டான்.

தகரக் கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுதான் இடம். அந்தப் பக்கம் படுக்கையறை ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னலை ஒட்டிக் கட்டில். கட்டிலில் அவன் அண்ணன் எஸ்டில் செத்துக்கொண்டிருந்தான். வேலையை மேற்பார்வை பார்க்க வசதியாக இருக்கும் என்று கட்டிலை அங்கே இழுத்துப் போடச் சொன்னதே அவன்தான்.

"ஒடஞ்சிருச்சா?" என்று ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இல்லண்ணே. லூஸாயிருச்சு."

ஆக்ஸிஜன் மெஷின் ஒருமுறை பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி முனக ஆரம்பித்தது.

"எந்த போல்ட்டு?"

"வலப்பக்கம் கடைசி. டிரைவர் கேபின ஒட்டி இருக்குமே, அது."

"அது லூஸாவாதே. எனக்குத் தெரிஞ்சு... எவனுக்கும்... அது லூஸானதில்ல."

"எனக்கு ஆயிருச்சுண்ணே."

சொல்லிவிட்டு ஹெர்ஷல் ஒடிந்த போல்ட்டின் தலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மீதிப் பாதி என்ஜினுக்குள், துருவோடு துருவாக, விளிம்புக்கும் உள்ளே அமிழ்ந்து இருந்தது. கிழக்குக் கென்டக்கியில் குளிர்காலத்துக்கு ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்பைத் தின்று வளரும் எங்கள் ஊர்த் துருவைப் பிரிக்கப் போய், இரும்பே அலுத்துப்போய் விட்டுக்கொடுத்த கதைகள் உண்டு.

இந்த வேலை எதற்கு என்றால், கல்லறைக்கு.

எங்கள் ஊர் இரண்டு மலைகளுக்கு நடுவில் ஒரு பள்ளம். ராட்லிஃப் குடும்பத்துக் கல்லறைகள் வீட்டுக்கு நேர் மேலே, முகட்டின் உச்சியில் இருக்கின்றன. சாவு வண்டி, அதுதான் அந்த நீளமான கறுப்பு வண்டி, சர்ச் வாசலோடு நின்றுவிடும். அங்கிருந்து மேலே போக நான்கு சக்கரமும் இழுக்கிற பிக்கப் வேண்டும். அந்தப் பாதையில் ஏறும்போது அவனவன் நிழலே நடுவழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும். ஒருமுறை ஓதிஸ் கிழவரின் சவப்பெட்டி வண்டியிலிருந்து நழுவி, ஈர இலைகளின்மேல் சறுக்கி, நேராக அவர் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. அவர் மனைவி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "காலத் தொடச்சிட்டு உள்ள வா" என்றாள். அந்தக் கால்மிதி இன்னும் அந்த வீட்டில் இருக்கிறது.

அதன்பிறகு எல்லாரையும் மேலே கொண்டுபோனது கிளோவிஸின் வண்டிதான். கிளோவிஸ், எஸ்டிலின் மனைவி வெர்டியின் அண்ணன். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். வெள்ளை வண்டி, புதுசு, பின்தட்டில் ரப்பர் விரிப்பு. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் கழுவித் துடைத்துவிடுவான். சத்தமே இல்லாத வண்டி. அது வந்து நின்றதே தெரியாமல் அவனுடைய சொந்த நாயே அதன்மேல் முட்டிக்கொண்டு, வண்டியிடம் வெட்கப்பட்டது.

"அந்தப் பூனை வண்டியில என்னைய ஏத்துனீங்கன்னா," என்று எஸ்டில், பேசுவதற்குக் காற்று மிச்சமிருந்த காலத்திலேயே எல்லார் முன்னாலும் சொல்லி வைத்திருந்தான், "பெட்டியத் தொறந்து எறங்கி நடந்தே போயிருவேன். என் வண்டியில போணும். சத்தத்தோட போணும். பள்ளத்துல இருக்கிற அத்தன பேரும் சாப்பாட்டுத் தட்டோட வெளிய வந்து நின்னு பாக்கணும்."

எஸ்டிலின் வண்டி ஏறாத வண்டி இல்லை. அந்த வசந்தத்தில் கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைக்கும் ஞாயிற்றுக்கிழமை, மொத்தக் குடும்பத்தின் மடக்கு நாற்காலிகளையும் உருளைக்கிழங்கு சாலட்டையும் அதுதான் உச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வழியில் கொஞ்சம் இருமியது. அவ்வளவுதான். அன்றைக்கு அதை இருமலோடு விட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

ஆனால் அதன்பிறகு வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் ஜனீன், எஸ்டிலின் நுரையீரலைப் பற்றி அவனுக்கு விளக்கினாள். நிலக்கரித் தூசி தின்ற நுரையீரல். "உங்களுக்கு மூச்சு இழுக்கிறதுல கஷ்டம் இல்ல. வெளிய விடுறதுலதான். பழைய காத்து வெளிய போனாத்தான புதுசுக்கு எடம் கெடைக்கும்?" என்றாள்.

எஸ்டில் ரொம்ப நேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, "வண்டிக்கு என்ன சீக்குன்னு கண்டுபுடிச்சிட்டேன். ஹெட்டர் மாட்டணும்" என்றான்.

கம்பெனியிலிருந்து வருகிற வண்டியில், சிலிண்டர்களின் புகையெல்லாம் என்ஜினின் இரண்டு பக்கமும் இருக்கிற குட்டையான வார்ப்பிரும்புக் கூடுகளுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வெளியே போகும். ஹெட்டர் என்பது அந்தக் கூட்டைக் கழற்றிவிட்டுப் பொருத்துகிற குழாய்க் கொத்து. சிலிண்டருக்கு ஒரு குழாய். நீளமாக வளைந்து இறங்கிக் கடைசியில் ஒன்றாகச் சேரும். யாரும் யாரையும் நெருக்காமல் வெளியேறலாம். வண்டிக்குத் தெம்பு கூடும், சத்தமும் கூடும். இரண்டுக்கும் சேர்த்தே எஸ்டில் ஆசைப்பட்டான். ஹெட்டர் பெட்டி வந்தபோது அதைக் கட்டிலின்மேல் வைத்துத் திறக்கச் சொன்னான். கறுப்புப் பெயின்ட் மணக்க, அந்தக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவினான். அவன் விரல் நகங்கள் அப்போதே நீலம் பாரித்திருந்தன. "இப்பிடித்தான் இருக்கணும்டா" என்றான், தன் நெஞ்சைத் தொட்டு.

ஹெர்ஷல் அப்போதே சொல்லியிருக்கலாம், வண்டி இப்படியே ஏறும் அண்ணே, தொட வேண்டாம் என்று. அவனுக்கு அது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நோயாளிக்குச் செய்ய எல்லாருக்கும் ஏதோ ஒரு வேலை இருந்தது. வெர்டிக்குச் சூப் இருந்தது, ஜனீனுக்கு மருந்து இருந்தது, போதகருக்கு ஜெபம் இருந்தது. அவனுக்கு மட்டும்தான் கை சும்மா இருந்தது.

இடப்பக்கம் ஒழுங்காக முடிந்தது. ஒவ்வொரு போல்ட்டாகச் சூடாக்கி, மெழுகுவத்தியை அதில் தேய்த்து, மெழுகு இளகி மரைக்குள் இறங்கும்வரை காத்திருந்து, பச்சைக்குழந்தையைத் தொட்டிலில் இருந்து எடுப்பதுபோல எடுத்தான். வலப்பக்கமும் அப்படித்தான் வந்தது, கடைசி ஒன்றைத் தவிர.

கிளோவிஸ் வந்து நின்றது வழக்கம்போல யாருக்கும் கேட்கவில்லை. அவன் மனைவி கொடுத்தனுப்பிய பீன்ஸ் குழம்பையும் சோள ரொட்டியையும் உள்ளே கொடுத்துவிட்டுக் கொட்டகைக்கு வந்தான்.

"இன்னும் முடியலியா ஹெர்ஷலு? அங்க ஆளு காத்திட்டிருக்கான்."

"முடிஞ்சிரும்."

கிளோவிஸ் குனிந்து எட்டிப்பார்த்தான். ஓட்டைக்குள் அமிழ்ந்துகிடந்த போல்ட்டைப் பார்த்தான். பிறகு ஹெர்ஷலைப் பார்த்தான். ஹெர்ஷல் கண்ணால் ஜன்னலைக் காட்டி, தலையை மெல்ல ஆட்டினான்.

"அடேயப்பா," என்றான் கிளோவிஸ், ஜன்னலுக்குக் கேட்கும்படி. "கல்யாணப் பொண்ணு மாதிரியில்ல இருக்கு. அம்சமா வந்திருக்கு மச்சான்!"

"கண்ணு வெக்காத," என்றது ஜன்னல்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இருபது முப்பது வருடமாக ஒரே விஷயத்துக்காகச் சண்டை போடுகிற இரண்டு பேருக்கு, அதை விட்டுவிட்டுப் பேச வேறு என்ன இருக்கிறது?

"ஆனா ஒண்ணு சொல்றேன்," என்றான் கிளோவிஸ்.

"ஆரம்பிச்சிட்டான்."

"என்ஜினுன்னா கொஞ்சமாச்சும் அடைப்பு இருக்கணும். ஒரேயடியாத் தொறந்து விட்டா இழுவை போயிரும். சத்தம் இருக்கும், சத்து இருக்காது."

"போடா... பஸ் டிரைவரு."

"பஸ்ஸும் என்ஜின்லதான ஓடுது?"

"புகை எவ்வளவு சுளுவா... வெளிய போகுதோ... அவ்வளவு நல்லது. அடைப்பு வேணுமாம்... அடைப்பு! அடச்சிக்கிட்டு... கெடக்கிறவனக் கேளு... சொல்றேன்."

எங்கள் பள்ளத்தில் ஞானஸ்நானத்தைத் தெளித்துக் கொடுப்பதா முக்கிக் கொடுப்பதா என்று பிரிந்தவர்கள்கூடக் கடைசியில் சம்பந்தம் செய்துகொண்டார்கள். இந்த அடைப்பு விஷயத்தில் பிரிந்தவர்கள் சேர்ந்ததில்லை.

எஸ்டிலுக்கு இருமல் வந்தது. ஜனீன் ஓடிவந்து முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். "பேசாதீங்க எஸ்டில். உதட்டக் குவிங்க. மெழுகுவத்திய அணைக்காம, சுடர ஆட்டி மட்டும் விடுற மாதிரி மெதுவா ஊதுங்க. ஆங், அப்படித்தான்."

எஸ்டில் உதட்டைக் குவித்து ஊதினான். முகத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. ஹெர்ஷல் கொட்டகையிலிருந்தே அதைப் பார்த்தான்.

"அது எதுக்கும்மா, உதட்டக் குவிக்கிறது?" என்று கிளோவிஸ் ஜன்னல் வழியாகக் கேட்டான். அவன் வெறுமனே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதில் சூது இல்லை.

"வெளிய போற காத்துக்கு வாய்க்கிட்ட கொஞ்சம் அடைப்பு குடுக்கிறோம். அப்பத்தான் நெஞ்சுக்குள்ள இருக்கிற சின்னக் குழாயெல்லாம் சுருங்கிக்காம தொறந்து நிக்கும். அடைப்பு இருந்தாத்தான் காத்து முழுசா வெளிய வரும்," என்றாள் ஜனீன், தலையணையைத் தட்டியபடி.

முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள்கூட ஒரு கணம் நின்றன.

கிளோவிஸ் தொப்பியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டான், அவ்வளவுதான். அந்தத் தொப்பி தள்ளிய விதம் போதுமானதாக இருந்தது.

எஸ்டில் குவித்த உதட்டைப் பிரித்தான். கொட்டகைக் கதவைத் திறப்பதுபோல வாயை அகலத் திறந்து, உள்ளே இருந்ததை 'ஹா' என்று வெளியே விட்டான். பாதிதான் வந்தது. மறுபடியும் வாயைத் திறந்து 'ஹா' என்றான்.

"உதட்டக் குவிங்க எஸ்டில்."

அவன் கிளோவிஸையே பார்த்துக்கொண்டு தலையை ஆட்டி மறுத்தான்.

"மூச்சு விடுறதுலகூடவா வீம்பு உங்களுக்கு?" என்றாள் வெர்டி, கையில் குழம்புக் கிண்ணத்தோடு. "ஏங்க, எனக்காவ ஊதுங்க."

வெர்டிக்காக எஸ்டில் எதையும் செய்வான். சுரங்கத்தை விட்டான், விஸ்கியை விட்டான், எதிர்ச் சபைக்காரர்களான மெத்தடிஸ்டுகளோடுகூட ஒருமுறை மீன் சாப்பிட்டான். இதைச் செய்யவில்லை.

மத்தியானத்துக்குள் நகத்தின் நீலம் விரல்களுக்கு இறங்கியது. ஜனீன் ஊசி போட்டுவிட்டு வெர்டியைத் தனியே கூப்பிட்டுப் பேசினாள். ஹெர்ஷலுக்குச் சொற்கள் கேட்கவில்லை, மெஷினின் முனகலுக்கு நடுவில் வெர்டி "சரி, சரி" என்று சொன்னது மட்டும் கேட்டது. அவன் ஒடிந்த போல்ட்டின் நடுவில் துளை போட்டுக்கொண்டிருந்தான். துளைக்குள் இடப்புரி மரையுள்ள ஒரு திருகியைச் செலுத்தி எதிர்ப்பக்கமாகத் திருகினால் போல்ட் வெளியே வந்துவிடும் என்று பெயர். அந்தத் திருகி உலகத்தில் உள்ள எதைவிடவும் கெட்டியான எஃகு. அதுவும் 'டிக்' என்றது. இப்போது ஓட்டைக்குள் போல்ட்டும், போல்ட்டுக்குள் ஒடிந்த திருகியும் இருந்தன. எந்தத் துளைப்பானும் இனி அதில் ஏறாது. ஹெர்ஷல் துணியை எடுத்து என்ஜினைத் துடைக்க ஆரம்பித்தான். துடைக்க வேண்டியதே இல்லாத இடங்களையெல்லாம் துடைத்தான்.

ஜன்னல் பக்கம் கிளோவிஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"மச்சான். யோசிச்சுப் பாத்தேன்."

எஸ்டில் கண்ணை மட்டும் திருப்பினான்.

"நீ சொல்றதுதான் சரி. என்ஜினுக்கு அடைப்பே கூடாது. நான்தான் இத்தன வருஷமாத் தப்பாச் சொல்லிட்டிருந்தேன்." கிளோவிஸ் தொப்பியைக் கையில் ஒருமுறை திருப்பினான். "ஆனா மனுஷனுக்கு வேற கணக்கு பாரு. மனுஷன் ஊதலாம். அதனால வண்டி விஷயத்துல ஒண்ணும் மாறாது. நீ ஊது மச்சான்."

எஸ்டிலின் முகத்தில் ஒரு சந்தோஷம் பரவியது. அவன் வெர்டியின் கையைத் தேடிப் பிடித்து இழுத்து, "பொய்... சொல்றான்," என்றான், வாயை அகலத் திறந்தபடியே.

கொஞ்ச நேரம் கழித்து, "ஸ்டார்ட் பண்ணச் சொல்லு" என்றான்.

ஹெர்ஷல் அதற்குள் வலப்பக்கக் குழாய்களையும் வைத்து, மற்ற போல்ட்டுகளை முடிந்தவரை இறுக்கி, கடைசி ஓட்டையை வெறுமனே விட்டு, புகை கசியாமலிருக்க நடுவில் வைக்கிற கேஸ்கட்டுக்குச் சிவப்புப் பசை அப்பியிருந்தான். புதுப் பெயின்ட் முதல் சூட்டில் புகையாகக் கக்கும். அதை ஜன்னலுக்குப் பக்கத்தில் செய்ய முடியாது. வண்டியை நியூட்ரலில் போட்டு, முற்றத்துச் சரிவில் அதன் போக்கில் உருளவிட்டு, ரோட்டோரம் கொண்டுபோய் நிறுத்தினான். அங்கிருந்து அண்ணனின் முகம் தெரியாது. ஜன்னலருகே நிற்கிற கிளோவிஸ்தான் தெரிந்தான்.

"கேட்டா கட்டைவெரலக் காட்டு!" என்று கத்தினான்.

சாவியைத் திருப்பினான்.

சத்தம் என்றால் அது சத்தம். பள்ளத்தின் ஒரு பக்கத்து மலையில் பட்டு, மறுபக்கத்து மலையில் பட்டு, வெளியேற வழி தெரியாமல் திரும்பி வந்து வண்டியிலேயே மோதியது. யாரோ வீட்டுச் சுவரில் கடிகாரம் விழுந்தது. பெயின்ட் புகை பானெட்டின் எல்லா இடுக்கிலிருந்தும் கிளம்பியது. அந்தச் சத்தத்துக்கு அடியில், கவனித்துக் கேட்டால், வலப்பக்கக் கடைசியிலிருந்து 'டிக் டிக் டிக்' என்று காற்று கசிந்தது. ஹெர்ஷலுக்கு அது மட்டும்தான் கேட்டது. அதை மறைக்க ஆக்சிலேட்டரை இன்னும் மிதித்தான்.

புகைக்கு நடுவில் கிளோவிஸின் கட்டைவிரல் தெரிந்தது.

ஹெர்ஷல் சிரித்தான். இன்னும் மிதித்தான்.

பிறகு கிளோவிஸ் கையை இறக்கினான். ஜன்னலுக்குள் பார்த்தான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் தலையில் திரும்ப வைத்திருந்த தொப்பியை மறுபடி எடுத்து நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டான்.

சத்தத்துக்கு மரியாதை செய்கிறான் என்று ஹெர்ஷல் நினைத்துக்கொண்டான். கடைசியில் ஒத்துக்கொண்டான் பார் என்று நினைத்தான். தரையைத் தொடும்வரை மிதித்தான். மலைகள் இரண்டும் கர்ஜித்தன. கிளோவிஸ் அசையாமல் நின்றான். பிறகு வெர்டி வாசலுக்கு வந்து, படியில் நின்று, அவனைப் பார்த்து ஒரு கையை மெதுவாக உயர்த்தினாள். அப்போதுதான் அவன் காலை எடுத்தான்.

அடக்கத்தன்று சாவு வண்டி சர்ச் வாசலோடு நின்றது. பெட்டியை எஸ்டிலின் வண்டிக்கு மாற்றினார்கள். ஹெர்ஷல் ஓட்டினான். பக்கத்து இருக்கையில் வெர்டி. பின்னால் ஆட்கள் நடந்து வந்தார்கள். நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு அவர்களுக்கும் பின்னால் கிளோவிஸின் வெள்ளை வண்டி.

எஸ்டில் கேட்டது நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளத்தில் இருந்த அத்தனை பேரும் வெளியே வந்து நின்றார்கள். சிலர் கையில் தட்டுகூட இருந்தது. கல்லறைப் பாதை திரும்புகிற இடம்வரை வண்டி இடி இடித்துக்கொண்டு போனது. வெர்டி காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

பீச் மரத்து வளைவில், பாதை செங்குத்தாகிற இடத்தில், நாற்றம் வந்தது. ஓட்டையிலிருந்து கொப்பளித்த சூடு பிளக் வயரை உருக்கிக்கொண்டிருந்தது. ஒரு சிலிண்டர் நின்றது. வண்டி இருமியது. அடுத்ததும் நின்றது. வண்டி குலுங்கியது, பின்தட்டில் பெட்டி ஓர் அங்குலம் பின்னால் நகர்ந்து, கதவில் இடித்து நின்றது. பிறகு எல்லாமே நின்றது.

ஹெர்ஷல் பிரேக்கை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினான். திருப்பினான். திருப்பினான்.

போதகர் நிலைமையைப் புரிந்துகொண்டு, பாட்டின் ஒரு வரியை உரக்கச் சொன்னார். எல்லாரும் அதை இழுத்துப் பாடினார்கள். அடுத்த வரியைச் சொன்னார், பாடினார்கள். அந்தப் பாட்டு தீர்ந்து, இன்னொன்றும் தீர்ந்தது. பிறகு இலை விழுகிற சத்தம் மட்டும் இருந்தது.

கிளோவிஸ் இறங்கி, ஆட்களை விலக்கிக்கொண்டு டிரைவர் பக்கத்து ஜன்னலுக்கு வந்தான்.

"ஹெர்ஷலு. மாத்திருவோமா?"

"வேணாம்."

"விரிப்பெல்லாம் கழுவித்தான் போட்டிருக்கேன்."

"பெட்டியத் தொறந்து எறங்கி நடந்துருவேன்னு சொன்னாரு. நீயும்தான கேட்ட?"

கிளோவிஸ் பின்பக்கம் திரும்பிப் பெட்டியைப் பார்த்தான். ஒரு வாய்ப்புக் கொடுப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். மூடி மூடியபடியே இருந்தது.

"நியூட்ரல்ல போடு" என்றான்.

அவன் தன் வண்டியை மெல்ல முன்னே கொண்டுவந்தான். அந்தப் பளபளப்பான புதுப் பம்பர் எஸ்டிலின் துருப்பிடித்த பின்பம்பரில் முட்டியது. ஏதோ நெளிந்தது. பிறகு எஸ்டிலின் வண்டி, என்ஜின் ஓடாமலே, ஒரு சத்தமும் இல்லாமல் மேலே ஏற ஆரம்பித்தது. கேபினுக்குள் அவ்வளவு அமைதி. சக்கரத்துக்கடியில் கற்கள் நொறுங்குவது தனித்தனியாகக் கேட்டது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பதைத் தவிர ஹெர்ஷலுக்கு ஒரு வேலையும் இல்லை.

"அவருக்குத் தெரியும்," என்றாள் வெர்டி, கண்ணாடி வழியாக முன்னால் பார்த்துக்கொண்டே.

"என்ன அண்ணி?"

"நீ ஸ்டார்ட் பண்ணுனப்போ. கொஞ்ச நேரம் காதக் குடுத்துக் கேட்டாரு. 'கடைசி போல்ட்ட ஒடச்சிட்டான் வெர்டி. அவன்கிட்டச் சொல்லாத'ன்னாரு. அப்புறம் கிளோவிஸ் அண்ணன்கிட்ட, 'கட்டைவெரலக் காட்டு'ன்னாரு."

ஹெர்ஷல் ரோட்டைப் பார்த்தான்.

"நான் சொல்லியிருக்கக் கூடாது," என்றாள்.

"பரவால்ல அண்ணி."

"சொல்லாதன்னாரு."

"பரவால்ல."

மேலே குழி தயாராக இருந்தது. உறவுக்காரர்கள் கையாலேயே வெட்டியது. எங்கள் பக்கத்தில் அதற்கு ஆள் வைப்பதில்லை. பெட்டியை இறக்கினார்கள். மண்ணையும் அவர்களே தள்ளினார்கள். ஹெர்ஷல் தன் முறை வந்தபோது மண்வெட்டியை வாங்கி, யாராவது வாங்கிக்கொள்ளும்வரை நிறுத்தாமல் அள்ளிப் போட்டான். சட்டைப்பையில் அந்த போல்ட்டின் தலை, குனியும்போதெல்லாம் நெஞ்சில் இடித்தது. அதைக் குழிக்குள் போட்டுவிடலாமா என்று ஒருமுறை நினைத்தான். போடவில்லை.

எல்லாரும் இறங்கத் தொடங்கினார்கள். கிளோவிஸ் தன் பம்பரைப் பார்த்தான், அதில் விழுந்திருந்த நெளிசலை ஒருமுறை தடவினான். வெர்டியைக் கைபிடித்து ஏற்றி முன்னிருக்கையில் உட்காரவைத்தான்.

"நீயும் ஏறு ஹெர்ஷலு. வண்டி கெடக்கட்டும். அப்புறம் வந்து பாத்துக்கலாம்."

"அப்புறம் பாத்து என்ன செய்ய?"

கிளோவிஸ் தன் வண்டியின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

ஹெர்ஷல் எஸ்டிலின் வண்டியைச் சுற்றி வந்தான். ஜன்னல்களை ஏற்றிவிட்டான். சாவியைத் திருப்பிப் பார்க்காமல் அதிலேயே விட்டான். பிறகு பின்னால் போய், நல்ல பேன்ட்டோடு மண்ணில் மண்டியிட்டான். பாக்கெட்டிலிருந்து எண்ணெய்த் துணியை எடுத்து இறுக்கமாகச் சுருட்டி, சைலன்சர் குழாயின் வாயில் வைத்து அடைத்தான்.

"எதுக்கு அது?" என்றான் கிளோவிஸ்.

"எலி கூடு கட்டும்."

கிளோவிஸ் அடைத்த குழாயைப் பார்த்தான். தொப்பியைப் பின்னால் தள்ளப் போன கையைப் பாதியிலேயே இறக்கிக்கொண்டான்.

ஹெர்ஷல் துணியைக் கட்டைவிரலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினான். குழாய் அதற்குள் குளிர்ந்துவிட்டிருந்தது.